பிளாக்ஸ் முளைக்கலன்னா விதைய திட்டாதீங்க, மாசத்த பாருங்க

நீங்க எழுதினத சுருக்கினா இதான்: மே மாசம் ஊட்டி மலர் கண்காட்சிக்கு போனீங்க, பாத்தி பாத்தியா பிளாக்ஸ் பூச்செடி பாத்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூர் வந்த கையோட ஆன்லைன்ல ஒரு பாக்கெட் வாங்கி மொட்டை மாடில தூவினீங்க. 50 விதைல 4 முளைச்சுது, அதுவும் நூல் மாதிரி நீண்டு ஒரே வாரத்துல கழுத்து மடிஞ்சு சாஞ்சிடுச்சு. விதை டூப்ளிகேட்டா, இல்ல இந்த செடியே நம்ம ஊருக்கு வராதா, அப்படி வந்தா அதுலயே விதை எடுத்து அடுத்த வருஷம் போடலாமான்னு மூணு கேள்வி. ஆனா படிச்சு பாத்தா உள்ள இருக்கிற கேள்வி ஒண்ணுதாங்க, இத எப்ப போடணும்? அத மட்டும் சரி பண்ணிட்டா முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் அதுலயே வந்துடும், மூணாவதுக்கு கடைசில வரேன்.

நான் குன்னூர்ல ஒரு நர்சரில 9 வருஷம் நாத்து விட்டவன், அப்புறம் கீழ மேட்டுப்பாளையத்துல சின்னதா ஒரு ஷேட்நெட் (நிழல் வலை) போட்டு 11 வருஷம் ஆச்சு. அதனால மலை மேல எப்படி வரும், மலை கீழ எப்படி வரும்னு ரெண்டையும் கை வச்சு பாத்திருக்கேன். சென்னை, மதுரை பக்கம் நான் வளத்தது கிடையாது, அந்த ஊர் பத்தி சொல்றப்ப என்கிட்ட நாத்து வாங்கிட்டு போனவங்க சொன்னத வச்சுதான் சொல்வேன், அத அந்த அளவுல எடுத்துக்கங்க.

மொதல்ல செடி எதுன்னு ஒரே செடிய பேசிக்கலாம், ஏன்னா இதுல குழப்பம் ஜாஸ்தி. நாட்டு மருந்து கடைல போய் ஃபிளாக்ஸ் விதை கேட்டா ஆளி விதைய பொட்டலம் கட்டி குடுப்பாங்க, அது வேற. பிளாக்ஸ்லயே நமக்கு தெரிய வேண்டியது மூணு. ஒண்ணு ஜப்பான்ல ஃப்யூஜி மலை அடிவாரத்துல ரோஸ் கலர் கம்பளம் விரிச்ச மாதிரி தெரியுமே, அது பிளாக்ஸ் சுபுலாட்டா, பல வருஷம் இருக்கிற படர் செடி, பெரும்பாலும் தண்டு வெட்டி வச்சுதான் பெருக்குவாங்க. ரெண்டாவது பிளாக்ஸ் பானிகுலாட்டா, இடுப்பு உயரம் வர்றது, அதுவும் பல வருஷ செடி, வெளிநாட்டு குளிருக்கானது. மூணாவது நம்ம பேசுற பிளாக்ஸ் டிரம்மண்டி, ஒரு சீசன்ல முளைச்சு பூத்து செத்துப்போறது. ஆன்லைன்ல நிறைய பேர் முதல் செடியோட போட்டோவ போட்டுட்டு மூணாவது செடியோட விதைய அனுப்புறாங்க. யூடியூப்ல விதைய ஈர மணல்ல கலந்து ஒரு மாசம் ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு சொல்றது ரெண்டாவது செடிக்கு. உங்க விதைக்கு அந்த வேலையே தேவையில்ல. நீங்க கண்காட்சில பாத்தது, முழங்கால் உயரம் கூட வராம கொத்து கொத்தா சிவப்பு, வெள்ளை, ரோஸ், ஊதான்னு இருந்துச்சுன்னா அது டிரம்மண்டிதான். தூரத்துல இருந்து பாத்தா நித்தியகல்யாணி பூ மாதிரியே அஞ்சு இதழ், ஆனா ஒரு கொத்துல பத்து பதினஞ்சு நெருக்கி இருக்கும், தண்ட தொட்டா லேசா பிசுபிசுன்னு ரோமம் கையில ஒட்டும்.

இதோட சொந்த ஊர் அமெரிக்கால டெக்சாஸ். தாமஸ் டிரம்மண்ட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1830-கள்ல அங்க அலைஞ்சு திரிஞ்சு விதை சேத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார், 1835-ல வில்லியம் ஹூக்கர்ங்கற தாவரவியல் அறிஞர் அதுக்கு அவர் பேரையே வச்சார், அதே வருஷம் டிரம்மண்ட் கியூபால செத்துப்போயிட்டார் பாவம். டெக்சாஸ்னா வெயில் ஊர்தானே, அப்ப நம்ம வெயில்ல வரணுமேன்னு உங்களுக்கு தோணும், எனக்கும் தோணிச்சு. விஷயம் என்னன்னா அங்க இது கோடைல முளைக்கிறதே இல்ல. செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் வெயில் தணிஞ்சு மழை பேய்றப்ப முளைக்குது, குளிர்காலம் பூரா சின்ன நாத்தா தரையோட உக்காந்து வேர் விடுது, மார்ச்ல பூக்க ஆரம்பிச்சு மே, ஜூன்ல கடும் வெயில் வந்ததும் விதைய தெறிச்சுட்டு செத்துடுது. கோடைய அது விதையாதான் தாண்டுது. மணல் கலந்த மண்ணு, தண்ணி நிக்காத இடம், இதான் அதோட இடம். இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா நான் கீழ சொல்றது எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

பாக்கெட் பின்னாடி என்ன போட்டிருந்துச்சு? வசந்தத்துல விதை, கோடைல பூன்னு இருந்திருக்கும். அது இங்கிலாந்துக்கு எழுதினது. அங்க கோடைல பகல் வெயிலே 20, 22 டிகிரிதான், அது நம்ம ஊர்ல டிசம்பர் ராத்திரி. ஊட்டிலயும் மே மாசம் பகல்ல 22, 23 பக்கம்தான் இருக்கும், அதனால அங்க ஜனவரி, பிப்ரவரில விதை போட்டு மே மாசத்துக்கு பூ கொண்டு வந்துடுவாங்க. அதே மே மாசம் மூணு மணி நேரம் பஸ் ஏறி கீழ வந்தா கோயம்புத்தூர்ல 35. மொட்டை மாடி தொட்டில மத்தியானம் மண்ணுக்குள்ள விரல விட்டு பாருங்க, சுடும். இந்த விதைக்கு 15-ல இருந்து 20 டிகிரி வரைக்கும் சொகமா முளைக்கும், 25 தாண்டினா தடுமாறும். அதனால உங்க 4 முளைச்சதே பெரிய விஷயம்னுதான் சொல்வேன்.

நானும் இதே தப்ப பெருசா பண்ணவன்தான். மலைல இருந்து இறங்கின முதல் வருஷம், மேல பழகின கைதானே, ஆகஸ்ட் மாசம் காத்து சிலுசிலுன்னு அடிக்குது, மேட்டுப்பாளையத்துல அந்த நேரம் மேகமூட்டமா வேற இருக்கும், சரி போட்டுடலாம்னு 40 குழித்தட்டு போட்டேன், தட்டுக்கு 98 குழி. மொத்தமா முன்னூறு நாத்து கூட தேறல. விதை வித்த கடைக்காரர்கிட்ட போய் சத்தம் போட்டுட்டு வந்தேன். அதே லாட்ல மிச்சம் ஒரு கவர் கிடந்துச்சு, நவம்பர் மாசம் சும்மா ஒரு தட்டுல போட்டு பாத்தேன், முக்காவாசிக்கு மேல முளைச்சு நிக்குது. அந்த கடைக்காரர்கிட்ட திரும்ப போய் மன்னிப்பு கேட்டேன்னு வைங்க, மனுஷன் சிரிச்சுக்கிட்டே டீ வாங்கி குடுத்தார்.

சரி, உங்க ஊருக்கு கணக்கு. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் பக்கம் அக்டோபர் கடைசி வாரத்துல இருந்து நவம்பர் 15-க்குள்ள விதை போடுங்க, ஆனா கூரைக்கு கீழ, ஏன்னா நமக்கு அந்த ரெண்டு மாசம்தான் நல்ல மழை. நவம்பர் கடைசில இருந்து டிசம்பர் மூணாவது வாரத்துக்குள்ள நாத்த எடுத்து நடுங்க, அப்ப மழை குறையும், ராத்திரி குளிர் இறங்கும். விதைல இருந்து பூவுக்கு 60, 75 நாள் ஆகும், அதனால ஜனவரில பூ. பிப்ரவரி பூரா ஜோரா இருக்கும், மார்ச் பாதில வெயில் ஏற ஏற செடி மஞ்சளாகும், அதோட கதை முடிஞ்சுது. ஓசூர், பெங்களூர் பக்கம்னா செப்டம்பர் கடைசிலயே ஆரம்பிக்கலாம், அங்க சீசன் நீளம். சென்னைக்காரங்க ஒருத்தர் ரெண்டு பேர் என்கிட்ட டிசம்பர் நடுவுல நாத்தா வாங்கிட்டு போய் பிப்ரவரில பூ பாத்ததா சொன்னாங்க, ஆனா ஒரு மாசம் கூட நிக்கலன்னும் சொன்னாங்க. அந்த ஒரு மாசத்துக்கு இவ்வளவு வேலை பண்ணணுமாங்கறது அவங்கவங்க ஆசைய பொறுத்தது. வெயில் காலத்துல கலரா ஏதாவது வேணும்னா நித்தியகல்யாணி, பத்து மணிப்பூ, ஜின்னியா போடுங்க, அதுங்க 35 டிகிரிலதான் சிரிக்கும்.

விதை டூப்ளிகேட்டான்னு கேட்டீங்கள்ல, போட்டோவ பாத்து சத்தியமா யாராலயும் சொல்ல முடியாது. டூப்ளிகேட்ட விட பழசா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இந்த விதைக்கு ஆயுசு கம்மி, ஒரு வருஷம், நல்லா வச்சிருந்தா ரெண்டு வருஷம், அவ்வளவுதான். அத கண்டுபிடிக்க வழி சுலபம். டிஷ்யூ பேப்பர நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு அதுல 20 விதைய எண்ணி வச்சு மடிச்சு ஒரு டப்பால போட்டு மூடி, வீட்டுல இருக்கிறதுலயே குளிர்ச்சியான இருட்டு மூலைல வைங்க, பானை தண்ணி வைக்கிற இடம் மாதிரி. ரெண்டு வாரம் குடுங்க. 12-க்கு மேல முளை விட்டா விதை நல்லது. 5-க்கு கீழன்னா புது பாக்கெட் வாங்குங்க. ஆனா இத இப்ப ஜூலைல பண்ணாதீங்க, ரூம் சூட்டுல விதை நல்லதா இருந்தாலும் மார்க் கம்மியாதான் வரும், நல்ல விதைய தூக்கி போட்டுடுவீங்க. அக்டோபர் மூணாவது வாரம் பண்ணுங்க.

இப்ப விதைக்கிறது. இங்கதான் நீங்க இன்னொரு தப்பு பண்ணியிருக்கீங்க, மண்ணு மேல தூவி விட்டுட்டு மூடலன்னு எழுதியிருக்கீங்க, அது பெட்டூனியா வீடியோ பாத்து பண்ணதுன்னு நினைக்கிறேன். பெட்டூனியா விதை தூசி மாதிரி, அதுக்கு வெளிச்சம் வேணும், மூடினா முளைக்காது. பிளாக்ஸ் நேர் எதிர், இதுக்கு இருட்டு வேணும். விதைய உள்ளங்கைல கொட்டி பாருங்க, ஓமத்த விட கொஞ்சம் பெருசு, பழுப்பா சுருக்கம் விழுந்து இருக்கும், ஒரு கிராம்ல ஐநூறு சொச்சம் நிக்கும். ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிற சைஸ்தான், அதனால தூவவே வேண்டாம். குழித்தட்டு இருந்தா குழிக்கு ஒண்ணு, இல்லன்னா டீ கப்புக்கு அடில ஓட்டை போட்டு கப்புக்கு ரெண்டு. கலவை ரொம்ப யோசிக்க வேண்டாம், ரெண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு சலிச்ச மண்புழு உரம், ஒரு கைப்பிடி ஆத்து மணல். ஆனா கோகோபீட்ட ஒண்ணுக்கு ரெண்டு தடவ நல்ல தண்ணில அலசி பிழிஞ்சுட்டு போடுங்க, இந்த நாத்துக்கு உப்பு ஆகாது. தண்ணியும் அப்படித்தான், சிறுவாணி தண்ணி வர்ற வீடுன்னா கவலையே இல்ல, போர் தண்ணி மட்டும்னா நாத்து வளர்ற வரைக்கும் மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்துங்க, இலை நுனி கருகாம இருக்கும்.

விதைய வச்சுட்டு மேல 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு தீக்குச்சி கனத்த விட லேசா கூட, அந்த அளவுக்கு கோகோபீட் தூவி விரலால மெதுவா அமுக்கி, தண்ணிய மேல ஊத்தாம தட்ட அப்படியே ஒரு தாம்பாளத்துல தண்ணி விட்டு உக்கார வைங்க, கீழ இருந்து உறிஞ்சிக்கும், மேல் பக்கம் ஈரம் தெரிஞ்சதும் எடுத்துடுங்க. அப்புறம் கோணி சாக்க நனைச்சு பிழிஞ்சு மேல போட்டு நிழல்ல வைங்க, சாக்கு காய காய தெளிச்சு விடுங்க, இருட்டும் ஆச்சு, உள்ள ரெண்டு மூணு டிகிரி குளிர்ச்சியும் ஆச்சு. அஞ்சாம் நாள்ல இருந்து காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ சாக்க தூக்கி பாக்கணும். இத சோம்பேறித்தனம் பட்டு விட்டுடாதீங்க. சாதாரணமா 8-ல இருந்து 15 நாளைக்குள்ள வரும், மொதல்ல வெள்ளையா ஒரு சின்ன கொக்கி கோகோபீட்ட தூக்கிக்கிட்டு வளைஞ்சு நிக்கும், சில கொக்கி தலைல விதை தோலு தொப்பி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், அத பிச்சு எடுக்காதீங்க, தண்ணி தெளிச்சா தானா கழண்டுடும். எப்ப நாலு கொக்கி தெரியுதோ அன்னைக்கே சாக்க எடுத்துட்டு வெளிச்சத்துல வைக்கணும். மிச்சது முளைக்கட்டும்னு இன்னும் ஒரு நாள் மூடி வச்சீங்கன்னா முளைச்சது நூலா நீண்டுடும். உங்க நாத்து நீண்டதுக்கு காரணம் இருட்டு இல்ல, நீங்க மூடவே இல்லையே, வெயிலுக்கு பயந்து படிக்கட்டுக்கு அடில கொண்டு போய் வச்சதா எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த சூடும் அரை வெளிச்சமும் சேந்து பண்ண வேலை அது.

கழுத்து மடிஞ்சு சாஞ்சது நாத்தழுகல். தண்டு மண்ண தொடுற இடத்துல தண்ணில ஊறின மாதிரி கண்ணாடியா சுருங்கி இருந்திருக்கும், இது ஏறக்குறைய நிச்சயமா சொல்வேன். மண்ணுல இருக்கிற பூஞ்சணம், ஈரம் அதிகமாகி காத்து இல்லன்னா ஒரே ராத்திரில ஒரு தட்டையே சாய்ச்சுடும். அழுகல் வந்த நாத்த காப்பாத்த முடியாது, பக்கத்துல இருக்கிறத காப்பாத்தலாம். கலவைல கிலோவுக்கு ஒரு ஸ்பூன் ட்ரைக்கோடெர்மா (கெட்ட பூஞ்சணத்த அடக்குற நல்ல பூஞ்சணம்) கலந்துடுங்க, தண்ணி காலைல மட்டும், மேல் பக்கம் காஞ்ச அப்புறம் மட்டும். சாயந்திரம் தண்ணி தெளிக்கிற பழக்கம் இருந்தா இந்த ஒரு மாசத்துக்கு கைய கட்டிக்கங்க. அதையும் மீறி ஒரு மூலைல ஆரம்பிச்சா அந்த பக்கத்த புடுங்கி போட்டுட்டு மிச்சத்துக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைட் லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர் நனைய ஊத்துங்க. மழைக்காலத்துல எனக்கு இன்னைக்கும் தட்டுக்கு பத்து பதினஞ்சு போகத்தான் செய்யும், அத கணக்குல வச்சுதான் விதைக்கிறேன்.

முதல்ல வர்ற விதையிலைய விட்டுட்டு நாலு நிஜ இலை வந்ததும், அதாவது முளைச்சு 25 நாள் கணக்குல, எடுத்து நடலாம். ரொம்ப நாள் தட்டுலயே விட்டா வேர் சுத்திக்கும், அப்புறம் நட்டாலும் குட்டையாவே நின்னு ரெண்டு பூ பூத்துட்டு போயிடும். பிளாக்ஸுக்கு வேர கலைச்சா கோபம் வரும், அதனாலதான் பாத்தில தூவி புடுங்கி நட வேண்டாம்னு சொல்றேன். குழிய அடில இருந்து அமுக்கி மண்ணுருண்டையோட எடுத்து அப்படியே வைங்க, உருண்டைய உதிர்க்காதீங்க. இடவசதி இருந்து மண்ணுல போடுறதா இருந்தா நேரா பாத்திலயே விதைச்சு, நெருக்கமா வந்தத புடுங்கி இடைவெளி விடுறது இன்னும் நல்லது, டெக்சாஸ்ல அப்படித்தானே வளருது, ஆனா நம்ம நவம்பர் மழை விதைய அடிச்சுட்டு போயிடும், எறும்பு வேற, அதனால நான் தட்டுலதான் விடுவேன். இடைவெளி குட்டை ரகத்துக்கு 15 சென்டிமீட்டர், உயர ரகத்துக்கு 20, 25. தொட்டின்னா 10 இன்ச் தொட்டில மூணு போதும், ஆசைப்பட்டு ஆறு வைக்காதீங்க. மண்ணு ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கின தொழு உரம். களிமண்ணா இருந்தா மணல இன்னும் கூட்டுங்க. வெயில் அஞ்சாறு மணி நேரம் நேரா விழணும், டிசம்பர் வெயில் அதுக்கு ஒண்ணும் பண்ணாது.

கிள்ளி விடணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. பாக்கெட்ல குட்டை ரகம்னு காட்ட ‘நானா’, ‘டுவார்ஃப்’, ‘காம்பாக்ட்’னு போட்டிருந்தா அது தானாவே அடில இருந்து கிளை விடும், விட்டுடுங்க. கிராண்டிஃப்ளோரான்னு போட்டிருக்கிற உயர ரகத்துக்கு 8, 10 சென்டிமீட்டர் வந்ததும் நுனிய ஒரு தடவ கிள்ளுங்க. பூ ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போகும், பதிலுக்கு ஒரு கொத்து வர்ற இடத்துல நாலஞ்சு கொத்து வரும். கிள்ள மனசு வராதவங்க எதிர்க்க எதிர்க்க ரெண்டு தொட்டி வச்சு ஒண்ண மட்டும் கிள்ளி பாருங்க, அடுத்த வருஷம் நானே வந்து தடுத்தாலும் கிள்ளுவீங்க.

உரத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். 15 நாளைக்கு ஒருக்கா 19:19:19 கலப்பு உரம் லிட்டருக்கு 2 கிராம், இல்லன்னா பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி. யூரியா பக்கமே போகாதீங்க, இலை தழைதழைன்னு வரும், பூ வராது, சாம்பல் நோய் மட்டும் கூப்பிடாமலே வரும். அந்த சாம்பல் நோய்தான் இதுக்கு பெரிய தொல்லை. ஜனவரில பகல் வெயிலு, ராத்திரி பனி, அந்த நேரம் அடி இலைல விபூதி பூசின மாதிரி வெள்ளையா வரும். செடிய நெருக்கி வச்சவங்களுக்கும் இலை மேல தண்ணி ஊத்துறவங்களுக்கும் முதல்ல வரும். ஆரம்பத்துலயே அந்த இலைங்கள கிள்ளி போட்டுட்டு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் சாயந்திரமா அடிச்சா நிக்கும், வெயில் 32-க்கு மேல போற நாள்ல மட்டும் அடிக்காதீங்க, இலை வெந்துடும். பிப்ரவரி கடைசில இலை மேல ஊசி குத்தின மாதிரி மஞ்சப் புள்ளி வந்து அடில லேசா நூலாம்படை தெரிஞ்சா அது செம்பேன், இலைக்கு அடிப்பக்கமா தண்ணிய வேகமா பீச்சி அடிங்க. ஆனா மார்ச்ல வந்த செம்பேனோட நான் சண்டை போடுறதில்ல, செடியே கிளம்புற நேரம்.

முதல் சுத்து பூ ஓயற நேரம், பிப்ரவரி முதல் வாரம் போல, ஒரு கத்திரிக்கோல எடுத்து செடிய பாதிக்கு வெட்டி விட்டுட்டு ஒரு தடவ உரத்தண்ணி குடுத்தீங்கன்னா மூணு வாரத்துல ரெண்டாவது சுத்து வரும். எல்லா செடியயும் வெட்டாதீங்க, விதைக்குன்னு அஞ்சாறு விடணும்.

அந்த மூணாவது கேள்விக்கு வரேன். விதை எடுக்கலாம், ஆனா ஒரே ஒரு செடி வச்சிருந்தா விதை பிடிக்கிறது கஷ்டம், இது தன் மகரந்தத்த தானே ஏத்துக்காத செடி, பக்கத்துல இன்னொரு செடியும் நடுவுல பட்டாம்பூச்சியும் வேணும். அதனாலயே கலர் அப்படியே வரும்னு சத்தியம் பண்ண முடியாது, மிக்ஸ் பாக்கெட்ல இருந்து வந்தது இன்னும் மிக்ஸாகும். எஃப்1னு, அதாவது ரெண்டு ரகத்த கலந்து எடுத்த முதல் தலைமுறை விதைன்னு போட்டிருந்தா விதை எடுக்கவே வேண்டாம், அடுத்த தலைமுறை ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி வரும். கலர்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, டெக்சாஸ்ல காட்டுல இதோட பூ பெரும்பாலும் வெளிர் நீலம், ஆனா கிழக்கு பக்கம் பிளாக்ஸ் கஸ்பிடாட்டாங்கற இன்னொரு வெளிர் நீல சொந்தக்கார செடியோட சேந்து வளர்ற இடத்துல மட்டும் அடர் சிவப்பா பூக்குது. ராபின் ஹாப்கின்ஸ், மார்க் ராஷர்னு ரெண்டு பேர் அத ஆராய்ச்சி பண்ணி, 2012-ல, கலர் மாறினதால பட்டாம்பூச்சி ரெண்டு செடிக்கும் நடுவுல மாத்தி மாத்தி உக்காராம ஒரே கலரா தேடி போகுது, அதனால கலப்பு விதை குறையுதுன்னு காட்டினாங்க. ஒரு தொட்டி செடி வாங்கினவருக்கு இது தேவையில்லாத தகவல்தான், ஆனா அத படிச்சதுல இருந்து சிவப்பு பிளாக்ஸ பாத்தா எனக்கு தனி மரியாதை.

எடுக்கிற விதம் மட்டும் கவனமா. பூ உதிர்ந்த இடத்துல புல்லி இதழுக்குள்ள மிளகு சைஸ்ல ஒரு காய் இருக்கும், உள்ள மூணு அறை, அறைக்கு ஒரு விதை. நல்லா காயட்டும்னு செடிலயே விட்டா மத்தியான வெயில்ல டிக்குனு வெடிச்சு விதை ரெண்டடி தள்ளி போய் விழும். மார்ச் மாசம் ஷேட்நெட்டுக்குள்ள சத்தமில்லாம உக்காந்தா அந்த டிக் டிக் காதுல கேக்கும், பிளாஸ்டிக் ஷீட்ல பட்டு உருள்றது கூட தெரியும். அதனால காய் பச்சைல இருந்து வைக்கோல் கலருக்கு திரும்புறப்பவே கொத்தோட வெட்டி, காகித கவர்ல போட்டு வாய மடிச்சு நிழல்ல தொங்க விடுங்க, ஒரு வாரத்துல கவருக்குள்ளயே வெடிச்சு கொட்டிடும். ஊதி தூசிய நீக்கிட்டு ஒரு சின்ன டப்பால, கூட ஒரு சிட்டிகை வறுத்து ஆற வச்ச அரிசி போட்டு, ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க. உங்க கைக்கு தப்பி தொட்டில விழுந்ததுல சிலது அக்டோபர் மழைல தானா முளைக்கும், எனக்கு வருஷா வருஷம் செம்பருத்தி தொட்டில ஏழெட்டு வரும், நான் தட்டுல விட்டத விட அதுங்கதான் திடமா இருக்கும்.

இப்ப உங்க பாக்கெட்ல மிச்சம் இருக்கிற விதையையும் அதே மாதிரி டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, அக்டோபர் மூணாவது வாரம் டிஷ்யூல 20 வச்சு பாத்துட்டு எத்தனை முளைச்சுதுன்னு இங்கயே போடுங்க. பாக்கெட்ல ரகம் பேரு, பேக் பண்ண தேதி ரெண்டும் தெரியற மாதிரி ஒரு போட்டோவும் போட்டீங்கன்னா கிள்ளணுமா வேண்டாமாங்கறத அப்ப சொல்றேன்.